அம்பாசிடருக்கு எந்த ஆயில் சம்ப்?

வீட்டில் ஒரு பழைய அம்பாசிடரை வைத்துக்கொண்டு, அதை ஓடும் வண்டியாகவே காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். இஞ்சினை இறக்கி வேலை பார்க்கும்போது அடியில் இருக்கும் ஆயில் சம்ப் துருவேறியோ நசுங்கியோ இருக்கும். பட்டறையில் சிலர் அதைச் சேம்பர் என்பார்கள். இஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதும் தேங்கி நிற்பது அதில்தான். அதை மாற்ற வேண்டி வந்தால் பழையபடி ஸ்டீல் சம்பையே போடுவதா, அலுமினியத்தில் வார்த்ததைத் தேடிப் பிடித்துப் போடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பாசிடருக்கு ஸ்டீல்தான்.

அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடியது 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கிய பி சீரிஸ் வகை அது. 1955-இல் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வகை இஞ்சின்தான். வார்ப்பிரும்பு பிளாக், அதன் அடியில், அச்சில் அழுத்தி எடுத்த ஸ்டீல் தகட்டு சம்ப். எம்ஜிஏ, எம்ஜிபி கார்களை வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரர்களில் சிலர், அடியில் வரிவரியாகப் பட்டை ஓடும் அலுமினிய சம்பை வாங்கி மாட்டுவதுண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். எண்ணெய் சூடேறாது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அலுமினியம் ஸ்டீலைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் சம்பில் வெப்பத்துக்குத் தடையாக நிற்பது உலோகம் அல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை வெப்பம் சுலபமாகக் கடந்துவிடும். உள்ளே மெதுவாக நகரும் எண்ணெயிலிருந்து சுவருக்கு வருவதும், வெளிச்சுவரிலிருந்து காற்றுக்குப் போவதும்தான் கடினம். அந்தப் பட்டைகள் காற்றுப் பக்கத்தில் கொஞ்சம் உதவும், அதுவும் வண்டி ஓடும்போது. சிக்னல் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. எண்ணெய்ச் சூடு உண்மையிலேயே கவலை தருகிறதென்றால், அதே பணத்தில் ஓர் ஆயில் கூலர் பொருத்துங்கள்.

எடை குறையும் என்பார்கள். அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வார்ப்பைத் தகடுபோல மெல்லியதாக எடுக்க முடியாது, பல மடங்கு கனமாக வார்க்க வேண்டும். அந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது.

இனி நம் சாலைக்கு வருவோம். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, மண் பாதையின் நடுவே துருத்தி நிற்கும் கல். இவற்றில் அடிபட்டால் ஸ்டீல் நசுங்கும், அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். விரிசல் பெரிதென்றால் எண்ணெய் முழுவதும் சாலையில்தான். நசுங்கிய ஸ்டீலைக் கழற்றி உள்ளிருந்து தட்டி நிமிர்த்தலாம். ஓட்டை விழுந்தால் கேஸ் வெல்டிங்கில் அடைக்கச் சிற்றூரிலும் ஆள் கிடைப்பார். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். எண்ணெயில் ஊறிய பழைய வார்ப்பென்றால் அதுவும் எளிதல்ல. நுண்துளைகளில் தங்கிய எண்ணெய் சூட்டில் கசிந்து வந்து பற்றைக் கெடுக்கும்.

அதற்காக ஸ்டீலில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வலைவடிகட்டி சம்பின் தரைக்குச் சற்று மேலே, சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. தரை மேல்நோக்கி நசுங்கினால் அந்த இடைவெளி அடைபடும். எண்ணெய் நிறைய இருக்கும், ஒழுகலும் இருக்காது. ஆனால் பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் போகாது. நசுங்கல்தானே, ஒழுகவில்லையே என்று விட்ட வண்டியில் கிராங்க் ஷாஃப்ட்டே வீணாகிவிடலாம். சம்ப் நசுங்கியிருந்தால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒழுகல் விஷயத்தில் அலுமினியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதன் விளிம்பு கனமானது, சமமாக இழைத்தது; கேஸ்கெட் நன்றாக உட்காரும். ஸ்டீல் விளிம்போ, போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் துளையைச் சுற்றிக் குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே எண்ணெய் கசியும். இதற்கு மருந்து கேஸ்கெட் பசை அல்ல. விளிம்பைக் கட்டையின் மேல் வைத்துத் தட்டிச் சமமாக்கி, நேர்கோல் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். போல்ட்டுகளை மெதுவாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். அலுமினியத்துக்கு வேறொரு நோய் உண்டு. எண்ணெய் வடிக்கும் போல்ட்டை ஒருவர் வலுவாக முறுக்கிவிட்டால் மரை போய்விடும்.

இவ்வளவும் அம்பாசிடருக்குச் சொன்னது. ஜாகுவாரின் எக்ஸ்கே இஞ்சினுக்கு ஆலையிலிருந்தே அலுமினிய சம்ப்தான். 1997-இல் வந்த செவ்ரோலே எல்எஸ் இஞ்சினில் அலுமினிய சம்ப், பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் முட்டுக்கொடுக்கும் உறுப்பாகவே வடிவமைக்கப்பட்டது. அத்தகைய இஞ்சின்களில் ஸ்டீலைத் தேடக் கூடாது. இஞ்சினை வடிவமைத்தவர் எதைப் போட்டாரோ அதிலிருந்து விலக வலுவான காரணம் வேண்டும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பழைய சாமான் கடையில் சம்ப் வாங்கினால் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். துருவில் விழுந்த ஊசித்துளையும் தாளில் தெரிந்துவிடும். வழியில் சம்ப் அடிபட்டு, ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் பட்டறைவரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.