நஷ்டஈடும் தரகனும்



லாரி மோதிக் கால் ஒடிந்தவனுக்கு மயக்கம் தெளியுமுன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை பழத்தோடு ஒருவன் வந்துவிடுகிறான். உறவினனா? இல்லை, வக்கீலின் தரகன். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, வரப்போகும் நஷ்டஈட்டில் பங்கும் பேசிவிடுகிறான்.

ஒடிந்த கால் யாருடையது? பங்கு யாருக்கு? வழக்கில் வரும் பணத்தில் வக்கீல் பங்கு பேசக்கூடாதென்பது பார் கவுன்சில் விதி. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அடிபட்டவனே டிரிபியூனலில் மனுப் போடலாம். போலீசார் அனுப்பும் விபத்து அறிக்கையையும் மனுவாக ஏற்கவேண்டும். ஏழைகள், பெண்கள், தாழ்த்தப்பட்டோருக்கு 1987-ம் வருஷத்துச் சட்டப்படி இலவச வக்கீலும் உண்டு.

இவ்வளவும் இருக்கத் தரகன் எப்படிப் பிழைக்கிறான்? நம் அறியாமைதான் அவனுக்கு முதல். நஷ்டஈடு பிச்சையல்ல, உரிமை. படித்தறியாத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள்!