பின்னால் தொடங்கிய பிள்ளையும் மருத்துவராகலாம்

(செலாயாங்கில் பெற்றோர், மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செலாயாங் மருத்துவமனை 1999-ல் திறக்கப்பட்டது. அங்கே தரை துடைப்பவர்களிலும் வாசலில் காவல் நிற்பவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் அதே வாசல் வழியாக நம் வீட்டுப் பிள்ளை மருத்துவராக உள்ளே போக முடியுமா? "என் பிள்ளை படிப்பில் சுமார்தான், டாக்டருக்கெல்லாம் ஆசைப்படலாமா?" என்று பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். இன்று அதற்குப் பதில் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில், 'சுமார்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஆராய்வோம். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாவிட்டால், முதலாம் படிவத்துக்குப் போகும் முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அறிவியல் வராது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மொழி மாறியது, அவ்வளவுதான். அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை, வீட்டில் படிக்க ஓர் அறை இல்லை, டியூஷனுக்குப் பணம் இல்லை. இத்தனைக்கும் பிறகு வரும் மதிப்பெண்ணை வைத்து 'மக்கு' என்று முத்திரை குத்துகிறோம். அந்த மதிப்பெண்ணில் பிள்ளையின் அறிவு பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதி நம் குடும்பத்தின் நிலைமை.

தாமதமாகத் தொடங்கியவன் முன்னேற முடியாதா? மெக்சிகோவில் பிறந்த ஆல்ஃப்ரெடோ கினோனெஸ்-இனோஹோசாவைப் பாருங்கள். 1987-ல், 19 வயதில், எல்லை வேலியைத் தாண்டி அமெரிக்கா போனார். கலிபோர்னியாவின் வயல்களில் கூலி வேலை செய்தார். ஆங்கிலம் பேச வராது. ஊரிலிருந்த சமூகக் கல்லூரியில் சேர்ந்து மொழியைக் கற்றார். அங்கிருந்து பெர்க்லி பல்கலைக்கழகம், அதன் பின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி. 1999-ல் பட்டம் பெற்று, மூளை அறுவை மருத்துவரானார். அவருக்குக் குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த படிக்கு ஏற ஒவ்வொரு முறையும் ஒரு கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவை அரசும் பல்கலைக்கழகமும் நினைத்தால் திறக்கலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001-ல் ஒரு திட்டம் தொடங்கியது. வசதி குறைந்த பகுதிகளின் அரசுப் பள்ளி மாணவர்களைக் குறைந்த மதிப்பெண்ணுக்கே மருத்துவத்தில் சேர்த்து, முதலாண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டுகளில் நடத்தினார்கள். அதன் பிறகு மற்றவர்களோடு அதே வகுப்பு, அதே தேர்வு. தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக 400-க்கு மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. வழக்கு வந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இங்கே என்ன நிலை? 2019-ல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்ந்தன. ஆனால் 90-க்கு 10 என்ற விகிதம் அசையவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' எடுத்தால் எந்த இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024-ல் அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் புகுமுக வகுப்பிலிருந்து எழுந்து வந்து 6 'ஏ' எடுத்த பிள்ளைக்கு என்ன உறுதி? அரசியலமைப்பின் 153-வது விதியை எல்லாரும் பேசுகிறார்கள். அதே விதி, பிற சமூகங்களின் நியாயமான நலன்களையும் மாமன்னர் காக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பாதியையும் சத்தமாக வாசியுங்கள். நாம் யார் தட்டிலிருந்தும் பிடுங்கச் சொல்லவில்லை. எந்த இனமானாலும், ஏழைப் பிள்ளை எங்கிருந்து தொடங்கியது என்பதையும் கணக்கில் எடுங்கள் என்கிறோம்.

உரிமைக்குக் குரல் கொடுப்போம். அதுவரை பிள்ளையின் காலம் காத்திருக்காது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று, நான்காம் படிவத்தில் பிள்ளைக்கு எந்தப் பாடங்கள் தரப்படுகின்றன என்று பள்ளிக்கே போய்ப் பாருங்கள். உயிரியல், இரசாயனம், பௌதிகம், கூடுதல் கணிதம் ஆகியவை இல்லாவிட்டால் மருத்துவக் கதவு 16 வயதிலேயே சாத்தப்படுகிறது. பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு, மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் போனால் உலகம் முடிந்துவிடாது. மறுதேர்வு எழுதலாம். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

மூன்று, ஆறாம் படிவத்தை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அரசுப் பள்ளியில் செலவு மிகக் குறைவு. எஸ்.டி.பி.எம். இப்போது மூன்று பருவங்களாக நடக்கிறது. ஒரு பருவத்தில் சறுக்கினால் திரும்ப எழுதலாம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்விக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் கணக்கிடுகிறார்கள். சங்கம், விளையாட்டு, சீருடை இயக்கச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: 4.00 புள்ளி எடுத்தும் மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் உண்டு. அவர்கள் தொடர்புடைய அறிவியல் பட்டம் முடித்துவிட்டு மீண்டும் முயலலாம். அது நீண்ட பாதைதான், ஆனாலும் பாதைதான்.

நான்கு, ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை. "மார்க் வேண்டாம், பணம் கட்டினால் போதும், வெளிநாட்டில் டாக்டராக்குகிறோம்" என்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டம் 1971 மருத்துவச் சட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் இல்லாத பட்டத்தோடு திரும்பினால் தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2005-ல் கிரீமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த அங்கீகாரத்தை அரசு திரும்பப் பெற்றபோது, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் பட்ட பாட்டை மறக்க வேண்டாம். மலேசிய மருத்துவ மன்றத்திடம் நேரடியாக விசாரியுங்கள். நுழைவுத் தகுதி என்ன என்பதையும் அங்கேயே கேளுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓராண்டு தாமதமாக வந்த மருத்துவரை எந்த நோயாளியும் திருப்பி அனுப்புவதில்லை. 30 வயதில் பட்டம் பெற்றாலும் அதன் பின் முப்பது ஆண்டுகள் சேவை செய்யலாம். முதல் தேர்வில் வந்த எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரியாதீர்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் பாடப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நாளையே பள்ளிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால், பக்கத்து வீட்டுப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு நான்கு பேராகப் போங்கள். உரிமைப் போராட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.