கோல்ஃப்: குழிக்குப் பக்கத்தில்தான் கணக்கு
(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பணி ஓய்வுக்குப் பிறகு கோல்ஃப் ஆடத் தொடங்கியவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறீர்கள். பந்தை இன்னும் தூரம் அனுப்புவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். வங்கியில் கணக்கு எழுதியவன் நான். முதலில் வரவு செலவைப் பாருங்கள் என்பேன்.

18 குழிகள் உள்ள மைதானத்துக்கு இலக்கு பெரும்பாலும் 72 ஷாட். கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையில் பந்தைக் குழிக்கு உருட்டுவதற்குப் பட்டிங் என்று பெயர். குழிக்கு இரண்டு பட்டிங் என்று வைத்துத்தான் அந்த இலக்கு. ஆக 36 ஷாட், சரிபாதி, அங்கேயே செலவாகிறது. 200 கஜம் பறந்தாலும் ஒரு ஷாட்தான், இரண்டடி உருண்டாலும் ஒரு ஷாட்தான். நம் வயதில் தோள் வலிமையைக் கூட்டுவது கடினம். உருட்டுவதைத் திருத்த வீட்டுக் கூடமே போதும்.

ஒரு ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். வெறும் டைல்ஸில் பந்து நிற்காமல் ஓடும். கீழ்வீட்டாருக்கும் சத்தம் கேட்கும். காபி டம்ளர் ஒன்றைப் படுக்க வையுங்கள். மைதானத்துக் குழியின் அகலம் 4.25 அங்குலம், டம்ளரின் வாய் அதைவிடச் சிறியது. இதில் பழகினால் அங்கே குழி பெரிதாகத் தெரியும்.

மூன்றடி தூரத்திலிருந்து தொடர்ந்து பத்துப் பந்து. ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது. தோள்கள் மட்டும் ஊஞ்சல்போல் அசையட்டும். பந்து டம்ளரில் மோதும் சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்காதீர்கள்.

மைதானத்தில் 20, 30 அடி தூரத்திலிருந்து உருட்டும்போது, குழியில் விழ வேண்டும் என்று நினைக்காமல், பக்கத்தில் நின்றால் போதும் என்று உருட்டுங்கள். மூன்றாவது பட்டிங் மிச்சம்.

தூர ஷாட்டுக்கு முன் பத்து நிமிடம் கழுத்து, தோள், இடுப்பைத் தளர்த்துங்கள். பழுத்த தக்காளி நசுங்காத அளவுக்கு மட்டையைப் பிடியுங்கள். முக்கால் வேகம் போதும். முழு பலத்தில் விளாசிப் பந்து தொலைந்தால், தேடுவதற்கு 2019 விதிப்படி 3 நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு ஷாட் அபராதத்தோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும்.

மட்டைகள் 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. தொடக்கத்தில் ஏழு போதும்; ஓய்வூதியத்தை அதில் கொட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கார் நிறுத்துமிடத்திலோ மொட்டை மாடியிலோ மட்டையை ஓங்கி வீசிப் பழகாதீர்கள். பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் கல்போன்ற கடினம். மாலையில் அங்கே நம் பேரக் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஓங்கி அடிப்பதற்கு டிரைவிங் ரேஞ்ச் இருக்கிறது. குடியிருப்புக்குள் ஜமுக்காளமும் டம்ளரும் மட்டும் போதும்.