மொறச்சான் சார்!

குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களில் ஆற்றுப்படுத்துநராகப் பிள்ளைகளோடு பழகி வருகிறேன். அங்கே அடிதடி நடந்து, ‘ஏன்டா?’ என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக நான்கே வகைதான். ‘எனக்கு வேணும், எடுத்தேன்.’ ‘அவன்தான் இழுத்துவிட்டான்.’ ‘லேசாத்தான் தட்டினேன்.’ நான்காவது, ‘மொறச்சான் சார்!’ அமெரிக்க உளவியலாளர் ஜான் கிப்ஸும் சகாக்களும் சிந்தனைக் கோணல்கள் என்று வகுத்தவையும் இந்த நான்குதான். முதல் மூன்றையும் விட்டுவிடுகிறேன். அடுத்தவன் கெட்ட எண்ணத்தோடுதான் செய்கிறான் என்று எடுத்துக்கொள்ளும் இந்த ‘முறைப்பை’ப் பற்றித்தான் பேச ஆசை.

ஓர் இல்லத்தில் அன்று முட்டை போடுகிற நாள். தட்டோடு வரிசையில் நின்றவன் சட்டென்று திரும்பி, பின்னால் நின்றவனை அறைந்துவிட்டான். மொறச்சானாம். ‘நீ திரும்பினப்போ உன் முதுகுக்குப் பின்னாடி என்னடா இருந்துச்சு?’ என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். ‘முட்டைக் குண்டான்’ என்றான். தன் முறை வரும்வரை முட்டை மிஞ்சுமா என்று எட்டிப் பார்த்திருக்கிறான் மற்றவன்!

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்று தெரியாத செயலைக்கூட முரட்டுச் சிறுவர்கள் வம்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 1990-இல் அவரும் சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள்: சின்ன வயதில் வீட்டில் அடிபட்ட குழந்தைகளிடம் இந்தப் போக்கு அதிகம். யோசித்துப் பாருங்கள், எந்நேரமும் அடி விழும் வீட்டில் பெரியவர் முகத்தைப் பார்த்து முன்கூட்டியே உஷாரானால்தானே பிழைக்க முடியும்? அங்கே காப்பாற்றிய பழக்கம் வெளியே வந்ததும் வம்பில் மாட்டிவிடுகிறது. நமக்கு மட்டும் என்ன? வாட்ஸ்அப்பில் பதில் வராவிட்டால் ‘வேணும்னே ஒதுக்குறாங்க’ என்று நாமும்தான் நினைக்கிறோம்.

ஓஹையோவில் இளங்குற்றவாளிகளுக்கான நிலையம் ஒன்றில் கிப்ஸ் குழுவினர் பையன்களையே வட்டமாக உட்காரவைத்து, ஒருவன் நினைப்பிலுள்ள கோணலை மற்றவர்கள் எடுத்துச் சொல்லப் பழக்கினார்கள். 1993-இல் வெளியான ஆய்வின்படி, விடுதலைக்குப் பின் அவர்களில் மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள், இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிடக் குறைவு. ‘அவன் வேற எதையாவது பார்த்திருப்பானோ?’ என்று நான் கேட்பதைவிடக் கூட்டாளி கேட்டால்தான் உறைக்கிறது!

இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதுவே சரி. நாம் ஓங்கும் ஒவ்வொரு கையும் ‘எல்லாரும் எனக்கு எதிரிதான்’ என்ற அவன் கணக்கைச் சரியென்று ஆக்கிவிடும். நினைப்பு நேரானால் நடத்தையும் நேராகும். இல்லத்திலிருந்து திரும்பும் பிள்ளை உங்கள் தெருவுக்கும் வருவான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.