பந்து தைச்சவுகளுக்கு எம்புட்டுக் கூலி?

"உலகக் கோப்பையால ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு"ன்னு எதிரணிச் சகோதரர் முழங்கிட்டுப் போனார். பரிமாறினது யாரு, இலையில விழுந்தது எவ்வளவுன்னு மட்டும் சொல்லல. (கைதட்டல்)

ஐயா, எனக்குக் கோவில்பட்டி. எங்க ஊர்ல மேட்ச்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு டி.வி.யில ஓடுறது. இன்னொண்ணு தீப்பெட்டி! (சிரிப்பு) ஹாக்கிக்குப் பேர்போன ஊருங்க அது. அங்கேயே கிரிக்கெட் வந்துட்டா தெரு காலி.

எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்கினவங்க. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பெட்டியில லேபிள் படம் இருக்கும், அம்மா பேரு இருக்காது. அதே கதைதான் கிரிக்கெட் பந்துக்கும்.

1947-ல நாடு பிரிஞ்சப்போ, சியால்கோட்டில் விளையாட்டுச் சாமான் செய்த குடும்பங்கள் பல ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து சேர்ந்தன. இன்னைக்கும் நம்ம நாட்டு டெஸ்ட் ஆட்டங்களுக்கு மீரட் பந்துதான். உள்ளே தக்கை, அதைச் சுத்தி கம்பளி நூல், மேலே நாலு துண்டுத் தோல். அத்தனையும் சேர்ந்து 163 கிராமைத் தாண்டக் கூடாது. ஊசியைக் கையால இழுத்து இழுத்துத் தைக்கணும். அவங்கள்ல பலருக்கும் எங்கம்மா மாதிரி எண்ணிக்கைக் கூலிதான்.

1983-ல கபில்தேவ் கோப்பையைத் தூக்கின பிறகு தெருவுக்குத் தெரு மட்டை வித்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா 2023 உலகக் கோப்பை நம்ம மண்ணுலதானே நடந்துச்சு? உருண்ட வெள்ளைப் பந்து ஆஸ்திரேலியாக் கம்பெனிப் பந்து! நம்ம ஆட்டக்காரர் பிடிக்கிற உசத்தி மட்டைக்கு வில்லோ மரம் இங்கிலாந்துல இருந்து வருது. இழைச்சுச் செதுக்குறவன் மட்டும் நம்மாளு. சரி, மட்டையிலயாவது அவன் பேரு இருக்கான்னு பார்த்தா, டெண்டுல்கர் மட்டையில எம்.ஆர்.எஃப். அது டயர் கம்பெனிங்க! (சிரிப்பு, கைதட்டல்) ஒட்டின ஸ்டிக்கருக்குக் கோடி, செதுக்கின கைக்குக் கூலி.

ஒருநாள் நாங்கள்லாம் டி.வி. முன்னால விசிலடிச்சுக்கிட்டு இருந்தோம். பந்து கூரைக்கு மேல பறந்துச்சு. அம்மா மட்டும் பின்னால நின்னு கேட்டாங்க: "ஏய்யா, அந்தப் பந்தைத் தைச்சவுகளுக்கு எம்புட்டுய்யா கூலி?"

என்கிட்ட பதில் இல்ல. எதிரணிச் சகோதரர் அடுத்த சுத்துல வர்றப்போ சொல்லட்டும். அம்மா முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க.