மேளக்காரனின் கை



முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் நான் சங்கீத ஆசிரியன். போன தவணையில் ஒருநாள், வயலின் படிக்கும் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். கொழும்பில் நடந்த பயிற்சி வகுப்பொன்றில் செலோ வாத்தியத்தை வாசித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சேர், எனக்கு அதைத்தான் படிக்க வேணும். பெரிய வாத்தியக் குழுவில இருந்து வாசிக்க வேணும். ஆனா அப்பப்பா..." என்று இழுத்தாள்.

அவளுடைய அப்பப்பா கோவலன் கூத்து அண்ணாவியார். வெள்ளைக்காரன் வாத்தியம் என்று சொல்லி, பேர்த்தியோடு கதைப்பதையே விட்டுவிட்டாராம். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னர் பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்திராவிட்டால் வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியமாகவே இருந்திருக்கும். ஆனால் கோபத்தில் இருப்பவரிடம் சரித்திரம் எடுபடாது.

செலோ வயலினுக்குத் தமையன் முறை. கதிரையில் இருந்து, முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டபோது, திரைப்பாடல்களின் அடியில் ஒரு கனத்த குரல் ஓடுவதைக் கவனித்திருக்கிறேன். அதன் பெயரைப் பின்னர்தான் அறிந்தேன். சிம்பனிக் குழுவில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து செலோ வாசிப்பார்கள். தலைவர் வில்லை இழுக்கும் பக்கமே எல்லோரும் இழுக்க வேண்டும். தன் ஒலி தனித்துக் கேட்காமல் வாசிப்பதே அங்கு திறமை. நம் கூத்தில் பிற்பாட்டுக்காரர் செய்வதும் இதைத்தானே!

அவளுக்கு றொஹான் டி சேரத்தைப் பற்றிச் சொன்னேன். 1939இல் இங்கிலாந்தில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதை இலங்கையில் கழித்தவர். இத்தாலியில் கஸ்பார் கசாதோவிடமும், பின்னர் மாமேதை பாப்லோ கசல்ஸிடமும் செலோ கற்றார். 1960இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில், நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் வாசித்தார். பிறகு ஆர்டிட்டி நால்வர் குழுவில் சேர்ந்து, 2005 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் புதிய படைப்புகளை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார்.

அதே மனிதர் கண்டிய மேளமும் கற்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 2002இல் அவருக்கென்றே ஒரு செலோப் படைப்பை எழுதினார். அதில் வில் ஓய்ந்திருக்கும் இடங்களில் விரல்கள் செலோவின் மர உடலைத் தட்டும். அந்தத் தட்டில் கண்டிய மேளத்தின் நடை வரும். 2024இல் அவர் காலமானார்.

அந்த ஒலிப்பதிவைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"உது ஆர் அடிக்கிறது? மேளக்காரன்ர கையெல்லோ!"

"செலோ வாசிக்கிறவர் ஐயா. அந்த வாத்தியத்திலதான் தட்டுறார். அவர் சின்னனில மேளம் படிச்சவர்."

"என்ன மேளம்?"

"கண்டி மேளம்."

கிழவர் நெடுநேரம் பேசவில்லை. சுவரில் தொங்கிய மத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பிள்ளையை வரச் சொல்லுங்கோ. போறதெண்டால் போகட்டும். போக முதல் என்னட்ட நாலு தாளக்கட்டுப் படிச்சிட்டுப் போகட்டும்."

இப்போது சனிக்கிழமைகளில் அந்த வளவிலிருந்து மத்தளச் சத்தம் கேட்கிறது. இடையிடையே அடி பிசகுகிறது. கிழவரின் ஏச்சும் கேட்கிறது.