ஈரல் நோய்ச் சிகிச்சையும் சத்து மாத்திரைகளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாட்பட்ட ஈரல் அழற்சிக்கு மருந்துண்பவர்கள், அதனால் நேரும் சோர்வு, குமட்டல் முதலியவற்றுக்கு அஞ்சிச் சத்து மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணும் வழக்கம் நம்மவரிடையே உளது. அதைக் குறித்துச் சில கூற விரும்புகிறோம்.

நம் உறவினர் ஒருவர், ஸி வகை நோய்க்குப் பழைய முறைப்படி இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் பெற்று வந்தார். சில வாரங்களில் உடல் வெளுத்தது. மாடியேறினால் மூச்சு வாங்கிற்று. இரத்தக் குறைவென்று கருதி இரும்புச் சத்து டானிக்கை நாமே வாங்கிக் கொடுத்தோம். வைத்தியர் அதனை உடனே நிறுத்தினார். ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைத்ததனால் வந்த குறை அது, இரும்பில்லாமையால் வந்ததன்று. மிகுதியான இரும்போ ஈரலிலே தங்கித் தீங்கு செய்யும். மருந்தின் அளவைக் குறைத்த பின்னரே அவர் தேறினார்.

2013-ம் ஆண்டில் ஸோபாஸ்புவிர் வந்தபின், இத்தகைய புதிய மருந்துகளால் பெரும்பாலோர் சுமார் 12 வாரங்களில் குணமடைகின்றனர், தொல்லையும் சொற்பம். ஆயினும் அதனுடன் சேர்த்தளிக்கும் வெல்படாஸ்விர், வயிற்றெரிச்சலுக்கு விழுங்கும் அமில முறிப்பு மாத்திரையால் உடலிற் சரிவரச் சேராது போகலாம். மனச்சோர்வுக்கென விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையும் இம்மருந்துகளின் வலிமையைக் குறைக்கும். தொல்லை தீர்க்க உண்டது, நோய் தீரும் வாய்ப்பையே கெடுத்துவிடுமன்றோ?

பி வகை நோய்க்கு டெனோபோவிரைப் பல்லாண்டுகள் உண்ண நேரும். சிலருக்கு அதனால் எலும்பு மெலிந்து சிறுநீரகம் தளரும். சோதனையிற் குறை தெரிந்தால் வைத்தியரே சுண்ணாம்புச் சத்தும் டி வைட்டமினும் தருவார். ஏ வைட்டமினோ அளவு மிஞ்சின் ஈரலுக்கு நஞ்சாகும். ஈரலைக் காக்குமென விற்கும் ஸிலிமாரின், 2012-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், இன்டர்பெரானால் குணமடையாத 154 பேரிடத்தில் வெற்று மாத்திரையினும் மேலான பயன் தரவில்லை.

சோர்வுக்குச் சிறிது சிறிதாய்ப் பலமுறை உணவும், போதிய நீரும், உறக்கமும், மிதமான நடையுமே துணை. மதுவை அறவே விலக்குக.

இறுதியாக ஒன்று. சம்பந்தம் தடைப்படுமென்று அஞ்சி இந்நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடை உள. மறைப்பவரே வைத்தியரைக் கேளாமல் கடையிற் கேட்டு வாங்கி உண்கின்றனர். அச்சத்தை ஒழியுங்கள். உண்ணும் புட்டிகள் யாவற்றையும் எடுத்துச் சென்று வைத்தியர் முன் வையுங்கள். நாம் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருப்பதே எமக்கு மகிழ்ச்சி.